துணை விலங்கு பாரமா? ஒரு ரேஞ்சர் இழை, மண்டபம் கரையிலிருந்து

2025 ஏப்ரல் 17, கேள்வி

ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு, 2014 விதிப் புத்தகம். என் பாத்திரம் மூன்றாம் லெவல் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரன்), விலங்கோடு சேர்ந்து சண்டையிடும் பீஸ்ட் மாஸ்டர் பிரிவு, துணைக்கு ஓநாய். ஓநாயைக் கடிக்கச் சொன்னால் நான் அம்பு விட முடிவதில்லை. நான் அம்பு விட்டால் ஓநாய் சும்மா நிற்கிறது. மேசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். துணை விலங்கு வெறும் பாரம், பேசாமல் விலங்கு இல்லாத ஹன்டர் பிரிவுக்கு மாறிவிடு என்கிறார்கள். மாறிவிடலாமா அண்ணே?

ஏப்ரல் 17, இரவு

மாறாதே தம்பி. அந்தப் பத்தியை மறுபடி படி. விலங்கைத் தாக்கச் சொல்வதற்குத்தான், சுற்றுக்கு ஒன்றாகக் கிடைக்கும் உன் ஆக்‌ஷன் செலவாகிறது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு எதுவும் செலவாவதில்லை. உன் மேசையில் சிரிப்பவர்கள் முதல் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

ஓநாயை எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்து. வேறு கட்டளை கொடுக்காதே. பின்னால் வந்த திருத்தத்தின்படி, கட்டளை இல்லாத விலங்கு தானாகவே டாட்ஜ் செய்கிறது. அதை அடிக்க வருபவன் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். நீ தள்ளி நின்று அம்பு விடு. எதிரியும் வில்லாளி என்றால் இன்னும் நல்லது. ஐந்தடிக்குள் பகை நிற்கும்போது அம்பு விடுபவனுக்கும் அதே தண்டனைதான்.

உங்கள் குழுவில் ரோக் (ஒளிந்து தாக்குபவன்) யாராவது உண்டா? எதிரியின் பக்கத்தில் அவனுக்கு வேண்டாத இன்னோர் உயிர் நின்றாலே ரோக்கின் ஸ்னீக் அட்டாக் செல்லுபடியாகும். உன் ஓநாய் பல்லைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ரோக் கூடுதல் பகடைகளை உருட்டிக்கொண்டிருப்பான், சிரித்தவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனி. அம்பு போகும் கோட்டில் ஓநாயை நிறுத்தாதே. இடையில் ஓர் உடல் நின்றால் எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அவனை அடிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண், இரண்டு கூடிவிடும். பக்கவாட்டில் நிறுத்து.

ஏப்ரல் 18

காலையில் இன்னொன்று தோன்றியது. ஓநாயும் வில்லும் இயல்பிலேயே ஒத்துப்போகாதவை. ஓநாய் கடித்தால் எதிரி ஒரு வலிமைச் சோதனை உருட்ட வேண்டும், தவறினால் கீழே விழுவான். விழுந்து கிடப்பவனைப் பக்கத்தில் நின்று வெட்டுபவருக்குக் கொண்டாட்டம். தூரத்திலிருந்து அம்பு விடுபவருக்கோ இரண்டு பகடையில் குறைந்தது. அதாவது உன் ஓநாய் தன் வேலையைச் சரியாகச் செய்தால் உன் அம்பு கெட்டுப்போகிறது.

ஆகவே ஓநாய் வேண்டுமென்றால் இரண்டு கத்தியோடு நீயும் முன்னால் போ. ஓநாயின் தாக்குதலுக்கும் அது நல்லது, ஏனென்றால் இரையின் பக்கத்தில் கூட்டாளி நின்றால் அது இரண்டு பகடையில் அதிகமானதை எடுத்துக்கொள்ளும். வில்தான் வேண்டுமென்றால் விலங்கை மாற்று. துணை இறந்துபோனால் எட்டு மணி நேரம் ஒதுக்கி, பகை பாராட்டாத வேறொரு விலங்கோடு உறவு வைத்துக்கொள்ளலாம் என்று புத்தகம் வழி சொல்கிறது, உயிரோடு இருப்பதை மாற்ற வழி சொல்லவில்லை. ஆகவே பழைய ஓநாயைக் காட்டில் விட்டுவிட்டு வருவது எப்படி என்பதை உன் டி.எம்.மோடு (ஆட்டத்தை நடத்துபவர்) உட்கார்ந்து பேசு. அது கணக்கு இல்லை, கதை.

ஏப்ரல் 18, மதியம்

கீழே ஓர் அன்பர், ஓநாய்க்குக் கடைசி வரை 11 ஹிட் பாயிண்ட்தான் (உயிர்ப் புள்ளி), ஐந்தாம் லெவலில் ஒரே அடியில் போய்விடும் என்று எழுதியிருக்கிறார். தவறு. விலங்கின் சொந்த எண்ணிக்கை, ரேஞ்சர் லெவலை நான்கால் பெருக்கிய எண்ணிக்கை, இரண்டில் எது பெரியதோ அதுதான் கணக்கு. மூன்றாம் லெவலில் 12, ஐந்தாம் லெவலில் 20. ரேஞ்சரின் புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் தேர்ச்சி எண்) விலங்கின் ஆர்மர் கிளாஸிலும் தாக்குதலிலும் சேதத்திலும் கூடுகிறது. 20 அதிகமா என்றால் இல்லை. அந்தப் புலம்பலில் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன், எண்ணைத் திருத்திக்கொண்டு புலம்புவோம்.

ஏப்ரல் 20

எங்கள் மேசையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் இந்தக் கரையில் ஓர் ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாடு. பாதிப் பேர் கடலில் இருப்பார்கள், மீதிப் பேர் கடலிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். தடைக்காலம் வந்தால் மொட்டைமாடி அறை நிறைந்துவிடும். விசைப்படகு ஓட்டும் என் மச்சான், ஓர் ஆசிரியர், பாம்பனிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண், இன்னும் இரண்டு பேர். டி.எம். நான்.

கதை நடக்கும் இடம் ஒரு தீவுக்கூட்டம். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றனவே, அந்த வரிசையை அப்படியே எடுத்துப் பெயர்களை மாற்றிக்கொண்டேன். பூவரசன்பட்டித் தீவு நிஜத்திலேயே கடலுக்குள் மூழ்கிப்போனது. கதையிலும் ஒரு தீவு மூழ்குகிறது, ஆனால் அங்கே அதற்குக் காரணமான ஆள் ஒருவன் இருக்கிறான்.

பாம்பன் பெண்தான் எங்கள் பீஸ்ட் மாஸ்டர். அவளுடைய அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். விலங்கைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எல்லோரும் சிறுத்தை என்றார்கள், ஓநாய் என்றார்கள். அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, ராட்சத நண்டு என்றாள். அறையே சிரித்தது. இந்தத் தீவில் ஓநாய் எதைத் தின்னும் என்று திருப்பிக் கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை.

நண்டின் கணக்கைப் பாருங்கள். ஆர்மர் கிளாஸ் 15, மூன்றாம் லெவல் ரேஞ்சரோடு சேரும்போது 17. எங்கள் குழுவில் கேடயம் பிடித்த ஃபைட்டருக்கு அடுத்தபடி நண்டுதான். தரையில் முப்பது அடி, நீரில் முப்பது அடி. காற்றிலும் மூச்சு விடும், தண்ணீரிலும் விடும். முப்பது அடிக்குள் கண் தேவையில்லாமலே உணரும். சேதம் அற்பம்தான். ஆனால் கொடுக்கு பட்டால் எதிரி பிடிபடுகிறான், அவன் நகரும் வேகம் பூச்சியம். பிடிபட்டவன் விழுவதில்லை, நின்றுகொண்டேதான் இருப்பான். அம்பு விடுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? விடுபட வேண்டுமென்றால் அவன் தன் ஆக்‌ஷன் முழுவதையும் செலவு செய்ய வேண்டும். இரண்டு கொடுக்கு இருப்பதால் ஆளுக்கொன்றாக இரண்டு பேரைப் பிடிக்கலாம்.

முதல் பெரிய சண்டை ஒரு படகின் தளத்தில். கொள்ளையர் தலைவன் நீள்வாளோடு வந்தான். நண்டு அவனைப் பிடித்தது. அடுத்த சுற்றில் அவள் தாக்கச் சொல்லவில்லை, இழுத்துக்கொண்டு கடலில் இறங்கச் சொன்னாள். இழுத்துப் போகும்போது பாதி வேகம்தான், ஆனால் படகின் விளிம்பு பக்கத்தில் இருந்தது. நீருக்கடியில் நீள்வாள் வீசினால் குறைந்த பகடைதான். குத்தீட்டி, குறுவாள், சூலம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. மச்சான் எழுந்து நின்று கைதட்டினார். தலைவனுக்காக நான் ஒரு வாரமாக எழுதி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் குமிழிகளாகப் போயின.

ஏப்ரல் 21

நண்டைக் குழம்பு வைத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று கேட்டவருக்கு: மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டவருடைய கதாபாத்திரத்தை அந்தப் பெண் இன்னும் மன்னிக்கவில்லை. மருந்து மந்திரம் அவளிடம்தான் இருக்கிறது. யோசித்துக் கேளுங்கள்.

ஏப்ரல் 24

2020இல் டாஷாவின் புத்தகம் (கூடுதல் விதிகளின் தொகுப்பு) வந்த பிறகு இந்தப் பழைய நண்டும் ஓநாயும் எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

அந்தப் புத்தகத்தில் விலங்குகளின் நீண்ட பட்டியல் கிடையாது. நிலத்து விலங்கு, கடல் விலங்கு, வானத்து விலங்கு என்று மூன்றே வடிவங்கள். எந்த உயிர் என்பது உங்கள் விருப்பம். வழக்கமான செயலுக்கு மேல் சுற்றுக்கு ஒன்றாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் அதை ஏவலாம், உங்கள் அம்பு உங்களிடமே இருக்கும். கேள்வி கேட்ட தம்பியின் பிரச்சினை இந்த ஒரே வரியில் தீர்ந்துவிடுகிறது. நிலத்து விலங்குக்கு ஹிட் பாயிண்ட் ரேஞ்சர் லெவலின் ஐந்து மடங்கோடு ஐந்து. மூன்றாம் லெவலில் 20 ஆகிறது, பழைய ஓநாய்க்கு 12தான்.

மச்சானின் ரேஞ்சர் இந்த முறையில்தான் ஓடுகிறார். வானத்து விலங்கு எடுத்திருக்கிறார், செம்பருந்து. படகு கரைக்கு வரும்போது மேலே வட்டமடிக்கும் அந்த வெள்ளைத் தலைப் பறவைதான். அறுபது அடி பறக்கும், எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பறந்து விலகும்போது வாய்ப்புத் தாக்குதல் (விலகுபவர்மேல் விழும் இலவச அடி) அதன்மேல் கிடையாது. மச்சான் அதைக் கொத்த விடுவதே அபூர்வம். தாழப் பறந்து எதிரியின் முகத்துக்கு நேரே சிறகடித்துவிட்டு மேலே போய்விடும். விதிப்படி அது ஹெல்ப் ஆக்‌ஷன், அடுத்த முதல் தாக்குதலுக்கு இரண்டு பகடையில் அதிகமானது கிடைக்கும். அடுத்த தாக்குதல் மச்சானின் அம்பு. ஏவல் ஒன்று, அம்பு ஒன்று, பருந்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

முட்டுக்கட்டை எங்கே என்றால் ஹன்டர்ஸ் மார்க், எதிரியைக் குறிவைத்துக் கூடுதல் சேதம் தரும் மந்திரம். அதுவும் போனஸ் ஆக்‌ஷன், பருந்தை ஏவுவதும் போனஸ் ஆக்‌ஷன். ஒரே சுற்றில் இரண்டும் நடக்காது. முதல் சுற்றில் குறி வை, இரண்டாவதிலிருந்து ஏவு. சண்டை இரண்டு சுற்றில் முடிந்துவிடும் போலிருந்தால் குறியை மறந்துவிடு.

நிலத்து விலங்கு இருபதடி ஓடி மோதினால் எதிரி விழலாம். வில்லாளிகளே, ஏப்ரல் 18 குறிப்பை மறுபடி படியுங்கள். புத்தகம் மாறியும் அந்தத் தொல்லை மாறவில்லை.

ஏப்ரல் 25

பாத்திரத்தின் திறன் எண்களை எப்படிப் பங்கிடுவது? 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசையில் 15ஐ டெக்ஸ்டெரிட்டிக்குக் (சுறுசுறுப்பு) கொடு, 14ஐ விஸ்டமுக்கு (விவேகம்). கூடுதலாக வரும் இரண்டை விஸ்டமிலும் ஒன்றை டெக்ஸ்டெரிட்டியிலும் போடு. இரண்டும் 16. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 13. பழைய பீஸ்ட் மாஸ்டருக்கு விஸ்டம் கொஞ்சம் குறைந்தாலும் விலங்குக்கு நட்டமில்லை. டாஷா முறையில் விலங்கு உன் மந்திரத் தாக்குதல் எண்ணை வைத்துத்தான் அடிக்கிறது, விஸ்டம் குறைந்தால் பருந்து காற்றைத்தான் கொத்தும். இரண்டாம் லெவலில் சண்டைப் பாணி கேட்பார்கள். ஆர்ச்சரி எடு, அம்புக்கு இரண்டு கூடும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மே 2

நண்டு செத்துவிட்டது.

ஐந்தாம் லெவல். மூழ்கும் தீவுக்குக் காரணமான அந்த ஆள் ஒரு ஃபயர்பால் (வெடிக்கும் நெருப்புப் பந்து மந்திரம்) வீசினான். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. நண்டிடம் இருந்தது 20. தப்பிக்கும் சோதனையில் வென்றிருந்தால் பாதிச் சேதத்தோடு பிழைத்திருக்கும், அவள் உருட்டியது 4. பரப்பில் விழும் மந்திரங்கள்தான் துணை விலங்குகளின் எமன். ஒற்றை அடியை டாட்ஜ் தாங்கிக்கொள்ளும். நெருப்புக்கு எதிரே நிற்கும் எல்லாரும் ஒன்றுதான், தப்பிக்கும் சோதனைக்கு டாட்ஜ் உதவினாலும் பாதிச் சேதம் வந்தே தீரும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விலங்கு பூச்சியத்துக்கு வந்தால் அப்போதே சாவதா, கதாபாத்திரங்களைப் போல மரணச் சோதனை உருட்டுவதா என்பது டி.எம். விருப்பம். இறந்துவிட்டது என்றேன். முன்பே அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

ஆசிரியர் உடனே டாஷாவின் புத்தகத்தைத் திறந்தார். அந்த முறையில் விலங்கு இறந்து ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைச் (மந்திரம் போட அளவாகக் கிடைக்கும் வாய்ப்பு) செலவு செய்தால், ஒரு நிமிடத்தில் முழு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடும். அதை நண்டுக்கும் கொடுத்துவிடலாமே என்றார். அந்தப் பெண் வேண்டாம் என்றாள். மச்சான் அவளைத் திட்டினார். ஆட்டம் அன்றைக்கு அதோடு நின்றது.

மே 3

நேற்று எழுதியதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

விலங்குக்குச் சாவு உண்டு என்றால் ஆட்டக்காரர் அதைப் பத்திரமாகப் பின்னால் வைத்துக்கொள்கிறார், பிறகு அந்த விலங்கு இருந்தும் இல்லாதது போலத்தான். பல மேசைகளில் பார்த்திருக்கிறேன், வாசலில் கட்டிப்போட்ட நாய் போல ஓநாய் எல்லாச் சண்டைக்கும் வெளியே நிற்கும். சாவு இல்லை என்றால் அதை எதிலும் தள்ளிவிடத் தோன்றுகிறது. பொறி இருக்கிறதா என்று பார்க்கப் பருந்தை அனுப்பினார் மச்சான். செத்தது. ஸ்லாட் செலவு செய்தார், எழுந்தது. அடுத்த கதவுக்கும் அதையே அனுப்பினார். விதிப்படி குற்றமில்லை. ஆனால் மூன்றாவது கதவில் அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: மச்சானின் பருந்து எழும், ஆனால் எதனால் செத்ததோ அதன் அருகில் மறுநாள் வரை போகாது. விலங்குக்கு நினைவு உண்டு என்பதற்கு மேல் இதற்கு நியாயம் எதுவும் நான் சொல்லவில்லை. எழுதிய விதியில் இது இல்லை, உங்கள் மேசைக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அவள் புதிய நண்டு தேடப் போகிறாளாம். கதைக்குள் எட்டு மணி நேரம். அவளும் மச்சானும் மட்டும் ஒரு மாலை உட்கார்ந்து அதை ஆடினார்கள். திட்டியவர்தான் துணைக்குப் போனார்.

மே 9

இடம் பற்றி ஒரு சச்சரவு. 2014 ரேஞ்சர் தனக்குப் பழகிய நிலப்பரப்பைத் தேர்ந்தெடுக்கலாம்: காடு, மலை, பாலை, சதுப்பு இப்படி. பட்டியலில் கடற்கரையும் உண்டு. அதை எடுத்தால் அங்கே பயணம் செய்யும்போது மந்திரத்தால் தவிர வழி தவற மாட்டீர்கள். இரை தேடினால் இரு மடங்கு கிடைக்கும்.

மச்சான் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். வழி தவறாத கடற்கரைக்காரன் யார், எனக்குக் காட்டு என்றார். வடகடலும் தென்கடலும் ஒரே குணம் கொண்டவையா? பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, பொதுவாக அடக்கமாக இருக்கும், இங்கே அதைப் பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். கச்சான் காற்று எழும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வாடை அடிக்கும்போது வடகடல் திரும்பிக்கொள்ளும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, அந்த ஊர்க்காரர்களுக்குக் கடல் பழக்கமில்லையா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சொல்வதில் ஆட்டத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தீவுக் கதையில் வழி தவறுவதுதான் பாதிச் சுவை. அதை ஒரு வரி விதி துடைத்துப்போட்டால் டி.எம்.முக்கு என்ன மிச்சம்? அதனால் மாற்றினேன். திசை தவறாது, ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் ஒவ்வொரு நாளும் உருட்டுவோம். ரேஞ்சருக்கு அந்தச் சோதனையில் இரு மடங்கு புரொஃபிஷியன்சி. டாஷாவின் புத்தகமும் இந்தப் பழைய நிலப்பரப்பு விதிக்கு மாற்று கொடுத்திருக்கிறது. கடல் இல்லாத கதைகளுக்கு அது போதும்.

இரை தேடினால் இரு மடங்கு என்பதை மட்டும் மச்சான் ஒப்புக்கொண்டார். தடைக்காலத்தில் அது சட்டப்படி செல்லுமா என்று ஆசிரியர் கேட்டார்.

மே 10

பகடை எங்கே வாங்குவது, மினியேச்சர் பொம்மை எங்கே கிடைக்கும்? இருபது முகப் பகடைத் தொகுதி தபாலில் வரும். பொம்மை எங்களிடம் ஒன்றுகூட இல்லை. சோழிகள்தான் எதிரிகள், சோடா மூடிகள்தான் நாங்கள். தரையில் பதித்த டைல்ஸ் ஒவ்வொன்றும் ஐந்தடிக் கட்டம். சுண்ணக்கட்டியால் தீவு வரைந்துகொள்கிறோம். நண்டுக்கு மட்டும் நிஜ நண்டின் காய்ந்த ஓடு.

மே 18

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர்: துணை விலங்காக ஆவுளியா வைக்கலாமா?

கடற்பசு. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் மேயும் உயிர். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரில் அதற்கென்று ஒரு பாதுகாப்பகம் அறிவித்தார்கள், இந்தியாவில் அதுவே முதல். ஆமையும் ஆவுளியாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. கதைக்குள் வனத்துறை வராது, இருந்தாலும் எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிடித்துப் பழக்கிய ஆவுளியா கிடையாது. அதுவாக வந்து சேர்ந்தால் சேரட்டும்.

கணக்குக்கு டாஷாவின் கடல் விலங்கு வடிவம் பொருந்தும். நீரில் அறுபது அடி, அடித்தால் எதிரி பிடிபடுவான். தரையில் ஐந்தே அடி. இங்கேதான் சிக்கல். முதல் குகைக்குள் நுழைந்ததும் உங்கள் துணை வாசலிலேயே நின்றுவிடும். நடுவில் நீண்ட ஓய்வு கிடைத்தால் வடிவத்தை மாற்றிக்கொள்ள அந்தப் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் ஆவுளியா படுத்துத் தூங்கிப் பருந்தாக எழுந்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. கதை முழுவதும் படகும் நீரும் என்றால் எடுங்கள். இல்லையென்றால் என் ஓட்டு நண்டுக்கு.

பூநாரை வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வானத்து விலங்கு. அழகாக இருக்கும். ஒளிந்து போக வேண்டிய இடத்தில் என்ன செய்வீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மே 27

விலங்கை எப்படி நடிப்பது என்று கேள்வி கேட்ட தம்பி மறுபடி வந்திருக்கிறான். முதல் கேள்வியைவிட இது நல்ல கேள்வி.

ஸ்பீக் வித் அனிமல்ஸ் மந்திரம் ரேஞ்சருக்கு உண்டு, பத்து நிமிடம் நிற்கும். 2014 விதியில் ரேஞ்சரால் அதைச் சடங்காகச் செய்ய முடியாது, ஸ்லாட் செலவாகும். 2024 புத்தகத்தில் தயார் செய்து வைத்த மந்திரத்துக்குச் சடங்கு அனுமதி இருந்தால் யாரும் செய்யலாம், ரேஞ்சருக்கு இது பெரிய வரம். ஆனால் பேச வைத்துவிட்டோம் என்பதால் நண்டு வழக்கறிஞர் போலப் பேசக் கூடாது. ராட்சத நண்டின் அறிவுப் புள்ளி 1. ஓநாய்க்கு 3. நண்டிடம் எத்தனை காவலர்கள் என்று கேட்டால் நான் சொல்லும் பதில்: பெரியது, சூடு, நிழல் அசைகிறது. அந்தப் பெண் அதிலிருந்து பந்தம் பிடித்த காவலன் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவ்வளவுதான் நடிப்பு. விலங்குக்கு ஓர் ஆசை, ஒரு பயம். நண்டுக்குக் கல்லிடுக்கு பிடிக்கும், நெருப்பு பிடிக்காது. இதற்கு மேல் எழுதி வைத்தால் அது வேஷம் போட்ட மனிதன்.

அவளே கொண்டுவந்த ஒரு யோசனையையும் சொல்ல வேண்டும். நண்டு ஓடு கழற்றித்தானே வளரும்? லெவல் ஏறும்போது ஹிட் பாயிண்ட் கூடுகிறது என்றால் அது அன்றைக்கு ஓடு கழற்றியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆகவே லெவல் ஏறிய முதல் இரவு அதன் ஆர்மர் கிளாஸ் இரண்டு குறையும், கழற்றிய ஓட்டை அவள் வைத்துக்கொள்ளலாம். தனக்கு நட்டம் தரும் விதியை ஆட்டக்காரரே கேட்டு வாங்குவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஓட்டில் இப்போது ஒரு கேடயம் செய்திருக்கிறார்கள்.

மே 28

துணை விலங்கு ரேஞ்சரோடு பிறந்தது என்று ஒருவர். இல்லை. விளையாட்டு 1974இல் வந்தது, ரேஞ்சர் அடுத்த ஆண்டு, 1975இல். துணை விலங்கு அந்தப் பிரிவின் நிரந்தர அடையாளமாக ஆனது வெகு காலம் கழித்து. 2003இல் வந்த மூன்றரையாம் பதிப்பில்கூட ரேஞ்சருக்கு அது நான்காம் லெவலில்தான், அதுவும் ட்ரூயிடின் (இயற்கை மந்திரவாதி) விலங்கில் பாதி பலத்தில். விலங்கு பலவீனம் என்ற புலம்பலுக்கு அந்த வயது ஆகிவிட்டது.

இலவசமாகக் கிடைக்கும் விதி ஆவணத்தில் பீஸ்ட் மாஸ்டரைத் தேடுபவர்களுக்கு: அதில் ஹன்டர் மட்டும்தான். புத்தகம் வேண்டும்.

ஜூன் 8

2024 விதிக்கு மாறலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். துணை விலங்கு அதில் டாஷா வடிவத்திலேயே முதன்மைப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. விலங்கின் ஆர்மர் கிளாஸும் சேதமும் விஸ்டமைப் பொறுத்தவை, ஹன்டர்ஸ் மார்க் எப்போதும் தயாராக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுங்கள். தம்பியும் அதற்கு மாறிவிட்டானாம், ஓநாயை விடவில்லையாம், வில்லை வைத்துவிட்டு இரண்டு குறுவாள் எடுத்திருக்கிறானாம். நல்லது.

எங்களுக்கு வேறு அவசரம். 14ஆம் தேதியோடு தடை முடிகிறது. மச்சான் வலையைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார், அடுத்த ஆட்டத்துக்கு அவர் இருக்க மாட்டார். ஆறாம் லெவலுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, நடுவில் நிறுத்த யாருக்கும் மனமில்லை. ரேஞ்சர் இல்லாத நேரத்தில் பருந்து என்ன செய்யும்? எஜமானன் செயலற்றுக் கிடந்தால் விலங்கு தானாகவே எந்தச் செயலையும் செய்யலாம் என்பது டாஷா விதி. எஜமானன் கடலுக்குப் போயிருந்தால் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பருந்து குழுவோடு வரட்டும், வேறொருவர் ஆட்டட்டும் என்று மச்சானே சொன்னார். யாரிடம் கொடுப்பது என்றும் அவரே சொன்னார், கதவுக்கு அனுப்பக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் அந்தப் பெண் போட்டாள்.

தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஹிட் பாயிண்ட் 24, பென்சிலில் எழுதியிருக்கிறது. பேனாவால் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.